வயிற்று ஆபரேஷன் காயத்துக்கு வேக் மிஷினோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வயிற்றில் ஆபரேஷன் ஆகி, தையல் போட்ட இடம் சீழ் பிடித்துத் திறந்துகொண்டது. டாக்டர் சுத்தம் செய்து வேக் கட்டு (VAC, பம்பு வைத்துக் காயத்து நீரை உறிஞ்சி இழுக்கும் கட்டு) வைத்திருக்கிறார். ஆள் எழுந்து நடக்கிறார், சாப்பிடுகிறார். "மிஷினோட வீட்டுக்குப் போங்க, வாரம் மூணு தடவை ஓபிக்கு வந்து கட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடத்திலிருந்து தொடங்கும் வழிகாட்டி இது. வீட்டில் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவருக்காக, நர்ஸாகிய நான் எழுதுகிறேன். சர்ஜரி வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸுக்கும் பயன்படும்.

கட்டின் அமைப்பு எளிது. திறந்த காயத்துக்குள் ஒரு ஸ்பாஞ்ச். அதன்மேல் காற்று புகாதபடி ஒட்டிய மெல்லிய ஒட்டுத்தாள். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் டப்பா பொருத்திய சிறிய பம்பு. பம்பு இழுக்கும்போது ஸ்பாஞ்ச் சுருங்கி, காயத்தில் ஊறும் நீர் டப்பாவுக்கு வந்துவிடும். காயத்தின் ஓரங்கள் நெருங்கும், அடியிலிருந்து புதுச்சதை வளரும்.

மிஷின் கைக்கு வந்ததும் எல்லாரும் எந்தப் பட்டன் எதற்கு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பட்டன் இரண்டு நிமிட வேலை. கரண்ட் போனால் என்ன செய்வது, ரத்தம் வந்தால் எதைத் தொடக்கூடாது என்று கேட்பவர் குறைவு. அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். கழற்றுவதும் நிறுத்துவதும் முதலில், மிஷினை ஓட்டுவது அப்புறம்.

1. டிஸ்சார்ஜுக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: "திறந்திருப்பது தோலும் கொழுப்பும் மட்டும்தானா, அடியில் வயிற்றுச்சுவர் மூடியிருக்கிறதா?" மூடியிருந்தால்தான் வீட்டுக்குப் போகும் பேச்சே. குடல் வெளியே தெரிகிற திறந்த வயிற்றுக்கும் வேக் வைப்பார்கள். ஆனால் அதற்கு வேறு வகைக் கட்டு, வார்டில் படுத்தே இருக்க வேண்டும். குடல் மேல் ஸ்பாஞ்ச் நேரடியாகப் பட்டால் குடல் ஓட்டையாகலாம்.

இரண்டாவது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள். வார்ஃபரின், அசிட்ரோம், குளோபிடோக்ரெல், ஈகோஸ்பிரின் என்று இதய வைத்தியத்துக்காக ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்கள் உண்டு. ஆபரேஷன் சேலத்திலோ பெங்களூரிலோ நடந்து, இதய மாத்திரை உள்ளூர் டாக்டர் எழுதியதாக இருந்தால், உள்ளூர் டாக்டர் எழுதியது ஆபரேஷன் செய்தவருக்குத் தெரியாது. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். பெயர் ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டாம்.

காயத்தில் புற்றுநோய்ச் சதை இருந்தாலோ, கறுத்துச் செத்த சதை அகற்றப்படாமல் இருந்தாலோ வேக் வைக்கக்கூடாது. இதை டாக்டர் பார்த்திருப்பார். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

அப்புறம் இந்த நான்கையும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்: பம்பில் வைத்திருக்கும் அழுத்த எண், விடாமல் இழுக்கிறதா விட்டுவிட்டு இழுக்கிறதா என்ற முறை, இப்போது காயத்துக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் துண்டுகளின் எண்ணிக்கை, ராத்திரியில் கூப்பிட வேண்டிய நம்பர். அழுத்தம் பெரும்பாலும் மைனஸ் 125 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும். வலி தாங்காதவர்களுக்குக் குறைத்து வைப்பார்கள். உங்கள் எண் எது என்பதுதான் முக்கியம். பக்கத்துக் கட்டில்காரருடைய எண் உங்களுக்கு உதவாது.

இன்னொரு கேள்வியை மனதில் வைத்தே முடிவெடுங்கள்: "இது இல்லாமல் சாதாரணக் கட்டு போட்டால் ஆறாதா?" ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மருத்துவமனைகளில் இதேபோன்ற வயிற்றுக் காயங்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2020இல் வெளியானது. காயம் மூடச் சராசரியாக வேக் போட்டவர்களுக்கு 36 நாள், சாதாரணக் கட்டுக்கு 39 நாள். காயம் சார்ந்த தொல்லைகள் வேக் பக்கம் கூடுதல். ஆக, வேக் உதவுகிறது, ஆனால் மாயம் செய்வதில்லை. வீடு தருமபுரிப் பக்கம் சித்தேரி மலை மேலேயோ கிருஷ்ணகிரிப் பக்கம் அஞ்செட்டியைத் தாண்டியோ இருந்து, துணைக்கு ஆளும் இல்லை என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தினமும் கட்டு மாற்றுவது எந்த விதத்திலும் மட்டமான வைத்தியம் இல்லை. இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீடு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தானாகத் தெரியாது.

பணம் பற்றியும் இப்போதே கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், வீட்டில் ஓட்டும் மிஷினும் ஸ்பாஞ்ச் செட்டும் அதில் அடங்குமா என்று மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டு மேஜையில் விசாரியுங்கள். வாடகை மிஷின் என்றால் நாள் வாடகையோடு நிற்காது. ஒவ்வொரு கட்டுக்கும் ஸ்பாஞ்ச் செட், அவ்வப்போது டப்பா என்று தனியாக வரும். பாதியில் பணம் தீர்ந்து நிறுத்துவதைவிட முதலிலேயே வேறு கட்டு போடுவது நல்லது.

2. மிஷின் வருவதற்கு முன் வீட்டைத் தயார் செய்வது

கட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில் ஆட்டம் இல்லாத பிளக் பாயிண்ட் ஒன்று வேண்டும். செல்போன் சார்ஜர் தொங்கித் தொங்கித் தளர்ந்துபோன பாயிண்டில் மாட்டினால், ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏறியதாக நினைத்திருப்பீர்கள், காலையில் பேட்டரி காலியாக இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை மிஷின் கொடுப்பவரிடம் கேட்டு, மிஷின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

படுக்கை விஷயத்தில் கயிற்றுக் கட்டில் வேண்டாம். நடுவில் தொய்ந்து வயிறு மடியும், மடிப்பில் ஒட்டுத்தாள் பிரியும். தரையில் பாய் போட்டாலும் எழும்போது வயிற்றுக்குப் பாரம். பலகைக் கட்டில்தான் சரி. எழும்போது முதலில் பக்கவாட்டில் ஒருக்களித்து, கையை ஊன்றி, காலைக் கீழே தொங்கவிட்டு எழ வேண்டும். நேராக நிமிர்ந்து எழுந்தால் உள்தையல் இழுபடும்.

உடை சின்ன விஷயம்போலத் தெரியும். குழாய் மடங்கி அலாரம் அடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பாவாடை நாடா, லுங்கி முடிச்சு, பெல்ட், அரைஞாண் கயிறு நான்குமே காயத்துக்கு அருகில் குழாயை அழுத்தும். பெண்களுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி, ஆண்களுக்குத் தளர்வான எலாஸ்டிக் டவுசர் நல்லது. அரைஞாண் கயிற்றைக் கழற்ற மனம் வராவிட்டால் தளர்த்திக் கீழே இறக்கிவிடலாம்.

ஒரு மூடி போட்ட டப்பாவில் அவசரப் பொருட்களைத் தனியாக வைத்துவிடுங்கள்: திறக்காத நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) பாட்டில், ஸ்டெரைல் காஸ் (கிருமி நீக்கிய கட்டுத்துணி), பெரிய பேட், பிளாஸ்டர், கையுறை, 20 மி.லி. சிரிஞ்சு, ஒட்டுத்தாள் துண்டுகள் இரண்டு மூன்று, பம்புக்கு ஒரு மாற்று டப்பா, டார்ச். கரண்ட் இல்லாத ராத்திரியில் தேடுவதற்கு நேரம் இருக்காது. சலைன் பாட்டிலைத் திறந்துவிட்டால் அன்றே முடித்துவிட வேண்டும். மிச்சத்தை மூடி வைத்து அடுத்த வாரம் ஊற்றக்கூடாது.

கடைசியாக நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும். எதற்கு என்று 6ஆம் பகுதியில் வருகிறது.

3. முதலில் கழற்றக் கற்றுக்கொள்ளுங்கள்

பம்பு நின்றால் கட்டு சும்மா இருக்காது. ஊறும் நீர் வெளியேற வழி இல்லாமல், மூடிய ஒட்டுத்தாளுக்கு அடியில் ஈரமும் சூடுமாகத் தேங்கும், கிருமி பெருகும். அதனால்தான் 24 மணி நேரத்தில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் பம்பு நிற்கக்கூடாது என்பது விதி. மொத்தமாக என்பதைக் கவனியுங்கள். குளிக்க அரை மணி, பஸ்ஸில் அரை மணி, கரண்ட் இல்லாமல் ஒன்றேகால் மணி என்றால் கணக்கு தாண்டிவிட்டது.

2 மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் இரண்டு வழி. மருத்துவமனை அந்த நேரத்துக்குள் எட்டுமென்றால் கிளம்பிவிடுங்கள். எட்டாது என்றால் வீட்டிலேயே கழற்றி ஈரக் காஸ் வைக்க வேண்டும். இதற்கு டாக்டர் சம்மதமும், நர்ஸ் முன்னால் ஒருமுறை நீங்களே செய்து காட்டிய பழக்கமும் வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முந்தைய கட்டு மாற்றத்தின்போது கேட்டுச் செய்து பாருங்கள். வரிசை இது:

கையைச் சோப்பு போட்டுக் கழுவிக் கையுறை மாட்டுங்கள். குழாயின் கிளாம்பை (குழாயை நெரித்து அடைக்கும் கவ்வியை) மூடுங்கள். மூடாமல் கழற்றினால் குழாயில் நிற்கும் நீர் படுக்கையில் கொட்டும்.

ஒட்டுத்தாளைச் செங்குத்தாகப் பிய்க்க வேண்டாம். ஒரு ஓரத்தைப் பிடித்து, தோலுக்கு இணையாகப் பக்கவாட்டில் இழுத்து நீட்டினால் பசை தானாக விடும். மேல்நோக்கி இழுத்தால் தோலும் சேர்ந்து வரும், வயதானவர்களுக்கு நிச்சயமாக.

ஸ்பாஞ்சை உடனே தூக்க வேண்டாம். அதன் துளைகளுக்குள் புதுச்சதை முளைத்திருக்கும். சிரிஞ்சில் சலைன் எடுத்து ஸ்பாஞ்ச் மேல் விட்டு, கால் மணி நேரம் காத்திருங்கள். அப்புறம் ஓரத்திலிருந்து மெதுவாக எடுங்கள். லேசாக ரத்தம் கசிவது சாதாரணம்.

எடுத்த துண்டுகளை எண்ணுங்கள். ஒட்டுத்தாள் மேல் நர்ஸ் எழுதிய எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் விரலை விட்டுத் தோண்ட வேண்டாம். காஸ் வைத்து மூடி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எடுத்த துண்டுகளையும் கவரில் போட்டு எடுத்துப்போனால் அங்கே தேடுவது எளிது.

சலைனில் நனைத்துப் பிழிந்த காஸைக் காயத்துக்குள் தளர்வாக வையுங்கள். திணிக்கக்கூடாது. மேலே பேட், பிளாஸ்டர். சலைனுக்குப் பதில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ வேண்டாம். மஞ்சள், வேப்பெண்ணெய், தேன் எதுவும் உள்ளே போகக்கூடாது.

4. கழற்றக் கூடாத நேரங்கள்

மேலே சொன்னதை நன்றாகக் கற்றவர்கள், ரத்தம் வந்தாலும் கழற்ற ஓடுவார்கள். அது தவறு. இந்தப் பகுதியைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடலாம்.

*குழாயிலோ டப்பாவிலோ பளிச்சென்று சிவப்பு ரத்தம்:* பம்பை உடனே நிறுத்துங்கள், ஓடவிட்டால் ரத்தத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கட்டைப் பிரிக்காதீர்கள், ஸ்பாஞ்சை எடுத்தால் அடைப்பு திறந்துவிடும். ஆளைப் படுக்க வைத்து, மடித்த சுத்தமான துண்டைக் கட்டின் மேல் வைத்து, உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். இன்னொருவர் 108ஐக் கூப்பிடட்டும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011 பிப்ரவரியில் இந்தக் கருவிகளைப் பற்றி வெளியிட்ட எச்சரிக்கையில், 2007 முதல் தங்களுக்கு வந்த தகவல்களில் 12 இறப்புகளும் 174 பாதிப்புகளும் இருந்ததாகச் சொன்னது. மிகக் கடுமையான சிக்கல் ரத்தக்கசிவுதான். காயத்துக்குள் விடுபட்ட ஸ்பாஞ்ச் துண்டுகளால் வந்த தொல்லைகளும் அதில் உண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உறையாமலிருக்கும் மாத்திரையைப் பற்றியும், துண்டு எண்ணுவதைப் பற்றியும் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

*இருமும்போதோ எழும்போதோ 'பட்'டென்று விட்டதுபோல உணர்வு, தொடர்ந்து இளஞ்சிவப்பு நீர் மளமளவென்று வருவது:* உள்ளே வயிற்றுச்சுவர்த் தையல் விட்டிருக்கலாம். பம்பை நிறுத்துங்கள். முழங்காலை மடக்கி மல்லாக்கப் படுக்க வையுங்கள், வயிற்றின் இறுக்கம் குறையும். கட்டு பிரிந்து குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக்கூடாது. சலைனில் நனைத்த காஸால் மூடி, 108. வாயில் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம், ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும்.

*டப்பாவில் பச்சை, கரும்மஞ்சள் நிறம், மல நாற்றம்:* குடல் கசிகிறது என்று பொருள். பம்பை நிறுத்தி, கட்டைத் தொடாமல், ஆபரேஷன் செய்த இடத்துக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேராகப் போங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

108இல் பேசும்போது கதை வேண்டாம். "வயித்து ஆபரேஷன் காயம், வேக் மிஷின் போட்டிருக்கு, ரத்தம் வருது" என்று முதல் வரி. அடுத்தது ஊர், பஞ்சாயத்து, பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடமோ கோயிலோ.

5. கட்டு மாற்றும் நாள்

48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, வாரம் மூன்று தடவைக்குக் குறையாமல் மாற்ற வேண்டும். கிருமித் தொற்று இருந்தால் இன்னும் அடிக்கடி. நாள் தள்ளிப்போனால் சதை ஸ்பாஞ்சுக்குள் ஏறி, எடுக்கும்போது வலியும் ரத்தமும் அதிகமாகும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஞாயிறு தொந்தரவு இல்லை. பொங்கல், தீபாவளி, உள்ளூர்த் திருவிழா விடுமுறை எப்போது வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து, அந்த வாரத்துக்கு மட்டும் நாளை மாற்றிக் கேளுங்கள். விடுமுறையன்று வந்து பூட்டிய ஓபி முன்னால் நிற்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

காலையில் உடம்பைத் துடைத்துக்கொண்டு வரலாம். வயிற்றில் எண்ணெய், பவுடர், விபூதி வேண்டாம், ஒட்டுத்தாள் பிடிக்காது. முடி இருந்தால் பிளேடால் மழிக்காமல் கத்தரியால் ஒட்ட நறுக்கச் சொல்லுங்கள். மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி ஏறும். டாக்டர் எழுதிய வலி மாத்திரையைக் கட்டு மாற்றும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னால் போட வேண்டும். வீட்டில் கிளம்பும்போதே போட்டு, இரண்டு பஸ் மாறி, டோக்கன் வாங்கிக் காத்திருந்தால் மருந்து வேலை தொடங்கி முடிந்தே போயிருக்கும். கையில் வைத்திருந்து, வரிசை நெருங்கும்போது போடுவதுதான் சரி.

பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு மேல் உள்ள சீட் வேண்டாம், குலுக்கும். தொப்பூர்க் கணவாய் வழியாக வருபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மிஷின் நிமிர்ந்தபடி, காயத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். குழாயைச் சுருட்டிப் பைக்குள் வையுங்கள், வெளியே தொங்கினால் இறங்கும் கூட்டத்தில் யாராவது இழுத்துவிடுவார்கள். மாற்று ஸ்பாஞ்ச் செட்டையும் டப்பாவையும் மறக்காதீர்கள். செட் இல்லாமல் வந்து சாதாரணக் கட்டோடு திரும்பிப் போவது அடிக்கடி நடக்கிறது.

உள்ளே நர்ஸ் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் வீட்டில் கோளாறைக் கண்டுபிடிக்க முடியும்.

பழைய துண்டுகளை எண்ணி எடுத்ததும் சலைனால் கழுவுவார்கள். நீளம், அகலம், ஆழம் அளப்பார்கள். வாரம் ஒருமுறையாவது இந்த அளவு நோட்டில் ஏற வேண்டும். 'நல்லா ஆறுது' என்பது அளவு ஆகாது.

ஸ்பாஞ்சைக் காயத்துக்கு நேர் மேலே வைத்து வெட்டக்கூடாது. துகள் உள்ளே விழும். அளவாக வெட்டி, தளர்வாக வைக்க வேண்டும். இறுக்கித் திணித்தால் அழுத்தம் அடிவரை போகாது, ஓரங்களும் நெருங்காது. தோலடியில் பொந்து இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குள் ஸ்பாஞ்ச் துண்டைச் செருகக்கூடாது. வெளியே எடுக்க வால் இருக்காது. இரண்டு துண்டு வைத்தால் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றில் மட்டும்தான் இழுப்பு இருக்கும்.

ஸ்பாஞ்ச் நல்ல தோல்மேல் ஏறக்கூடாது. ஏறினால் அந்தத் தோல் ஊறிப் புண்ணாகும். சுற்றித் தோலை நன்றாகத் துடைத்து உலர்த்தி, காயத்தின் ஓரத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. வரை ஒட்டுத்தாள் படியும்படி ஒட்டுவார்கள். இங்கே அவசரம் கூடாது. உலர்த்தாமல் ஒட்டிய கட்டு வீடு போய்ச் சேர்வதற்குள் கசியும். தொப்புள் பள்ளம், அடிவயிற்று மடிப்பு, பக்கத்தில் மலப்பை (மலம் சேர வயிற்றில் ஒட்டிய பை) இருந்தால் அதன் ஓரம், இந்த மூன்று இடத்தையும் முதலில் நிரப்புப்பசை வைத்துச் சமன் செய்யச் சொல்லுங்கள்.

ஒட்டுத்தாளில் இரண்டரை செ.மீ. அகலத்துக்கு வட்டத் துளை வெட்டி, அதன்மேல் குழாயின் தட்டை ஒட்டுவார்கள். வெறும் கீறல் போட்டால் தாள் மறுபடி ஒட்டி மூடிக்கொள்ளும். அப்புறம் குழாயை எலும்பு மேடு, மடிப்பு படாத பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். இல்லையேல் படுக்கும்போது தோலில் பதிந்து தழும்பாகும்.

பம்பை ஓட்டியதும் ஸ்பாஞ்ச் சுண்டைக்காய் வற்றல்போலச் சுருங்க வேண்டும். சுருங்கும்வரை அறையை விட்டுக் கிளம்ப வேண்டாம். ஒட்டுத்தாள் மேல் மார்க்கரால் தேதி, நேரம், துண்டு எண்ணிக்கை எழுதச் சொல்லுங்கள். நர்ஸ் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்தலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

6. தினமும் பார்க்க வேண்டியதும் எழுத வேண்டியதும்

காலை, மதியம், படுக்கப் போகும் முன் என மூன்று வேளை போதும். திரையில் தெரியும் எண்ணைப் பாருங்கள், பிறகு கட்டை விரலால் தொடுங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். "மிஷின் ஓடுதுங்க சிஸ்டர், ஆனா கட்டு மெத்துனு இருக்குது" என்று போன் வந்தால் நான் மிஷினை நம்புவதில்லை, விரலைத்தான் நம்புகிறேன். எங்கேயோ கசிகிறது, அல்லது குழாய் அடைத்திருக்கிறது.

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி: டப்பாவில் எந்தக் கோடு வரை நீர், என்ன நிறம், பம்பு நின்றிருந்த நேரம், காய்ச்சல் உண்டா, சர்க்கரை அளவு. தொடக்கத்தில் நீர் வெளிர் சிவப்பாக இருக்கலாம். போகப் போக வைக்கோல் நிறமாகி, அளவு குறைய வேண்டும். குறைந்து வந்தது திடீரென்று கூடினால் போன் செய்யுங்கள். சீழ் போலக் கெட்டியாகி நாற்றம் எடுத்தாலும், கட்டைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், குளிர் காய்ச்சல் வந்தாலும் அடுத்த ஓபி நாள்வரை காத்திருக்க வேண்டாம். கட்டைப் பிரிக்கும்போது மட்டும் ஒரு வாடை வரும், அது ஸ்பாஞ்சில் தேங்கிய நீரின் வாடை, கழுவியதும் போய்விட்டால் கவலை இல்லை.

டப்பா நிறைந்தால் மாற்ற வேண்டும். நிறையாவிட்டாலும் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய டப்பா, குழாய், ஸ்பாஞ்ச் எதையும் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், எருக்குழியிலும் கூடாது. கவரில் கட்டி ஓபி நாளில் எடுத்து வந்தால், மருத்துவக் கழிவுக்கான பையில் சேர்த்துவிடுவோம்.

தண்ணீர்க் குடம், கேன், சிலிண்டர், பால் கேன், மாட்டுக்குத் தீவனக் கட்டு எதுவும் தூக்கக்கூடாது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமட்டும். ஸ்கேன் எடுக்கச் சொன்னால், எம்.ஆர்.ஐ. அறைக்குள் இந்தப் பம்பு போகக்கூடாது என்று அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

7. அலாரம் அடித்தால்

மியூட் பட்டனை அமுக்கிவிட்டுத் தூங்குவதுதான் மிகப் பெரிய தப்பு. ராத்திரி 11 மணிக்கு அமுக்கினால் காலை 6 மணிக்கு 7 மணி நேரம் பம்பு ஓடாத கட்டு அங்கே இருக்கும்.

கசிவு அலாரம் என்றால் காதை அருகில் வைத்துக் கேளுங்கள், 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். உள்ளங்கையால் ஓரங்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எந்த இடத்தில் அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஓட்டை. துடைத்து உலர்த்தி, மேலே ஒட்டுத்தாள் துண்டு ஒன்று. செல்லோடேப் வேண்டாம், வியர்வையில் நிற்காது, தோலையும் புண்ணாக்கும். மூன்று நான்கு துண்டு ஒட்டியும் நிற்கவில்லை என்றால் அந்தக் கட்டு முடிந்தது, 2 மணி நேரக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பு அலாரத்துக்கு முதலில் கிளாம்பைப் பாருங்கள். டப்பா மாற்றிய பின் திறக்க மறந்திருப்பீர்கள். பெரும்பாலும் அதுதான். அடுத்து நாடா, இடுப்பு, ஆள் படுத்திருக்கும் பக்கம். ரத்தக்கட்டி குழாயில் நின்றால் போன் செய்யுங்கள், ஊதியோ தண்ணீர் விட்டோ தள்ள வேண்டாம்.

அழுத்த எண்ணைக் கூட்டினால் சீக்கிரம் ஆறும் என்று யாராவது சொல்லுவார்கள். கூட்டினால் வலியும் ரத்தக்கசிவும்தான் கூடும். வேறு பம்பை இணைத்துப் பார்ப்பதும் வேண்டாம்.

8. சாப்பாடு, சர்க்கரை, பீடி

முட்டையும் மீனும் பருப்பும் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்பது இந்தப் பக்கம் இன்னும் ஒழியவில்லை. புரதம் இல்லாமல் சதை வளராது. டப்பாவில் போகும் நீரிலும் புரதம் போகிறது. காயம் ஆறுகிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் ராகி மாவில் 7 கிராம் சுமாருக்கு. களியை நிறுத்தச் சொல்லவில்லை. களிக்கு வெறும் கீரைக் கடைசலோடு நிற்காமல் முட்டையோ மீனோ கோழியோ, சைவமென்றால் கொள்ளு, பருப்பு, நிலக்கடலை, தயிர் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை அதிகமாக இருந்தால் எந்த மிஷினும் காயத்தை ஆற்றாது. மாம்பழ சீசனில் ஓபி நோட்டுகளைப் பார்த்தாலே யார் வீட்டில் தோட்டம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் மாத்திரை கொடுக்க வரும்போது சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பீடி, சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும், காயத்துக்கு வரும் ரத்தம் குறையும். ஆறும்வரையாவது நிறுத்தியாக வேண்டும்.

9. வேக் கட்டை நிறுத்தும் நாள்

காயம் தோல் மட்டத்துக்கு நெருங்கி, அடி முழுக்கச் சிவந்த புதுச்சதையாக ஆனால் டாக்டர் நிறுத்துவார். மீதிக்குச் சாதாரணக் கட்டோ மறுதையலோ போதும். தோல் முழுவதும் மூடும்வரை மிஷினை வைத்திருப்பது அவசியமில்லை, பணமும் வீண். மறுபக்கம், இரண்டு வாரம் ஆகியும் அளவு குறையவில்லை என்றால் நோட்டை நீட்டி, "இதைத் தொடரணுமா?" என்று நீங்களே கேட்கலாம். உள்ளே சீழ்ப்பை, தையல் நூல், வயிற்றுச்சுவரைத் தாங்க ஆபரேஷனில் வைத்த வலைத்துண்டு ஏதாவது தடையாக இருக்கலாம், அதைத் தேட வேண்டும்.

கடைசிக் கட்டைப் பிரிக்கும் நாளில்தான் எண்ணிக்கை எல்லா நாளையும்விட முக்கியம். மற்ற நாளில் விடுபட்ட துண்டை அடுத்த கட்டில் கண்டுபிடித்துவிடலாம். அன்றைக்கு விடுபட்டால் மேலே தையல் போட்டோ சதை மூடியோ மறைந்துவிடும், மாதங்கள் கழித்துச் சீழாக வெளியே வரும். ஒட்டுத்தாளில் இருக்கும் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள், நர்ஸ் எடுத்து வைக்கும் துண்டுகளையும் வாய்விட்டு எண்ணுங்கள், இரண்டையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வாடகை மிஷினைத் திருப்பும்போது சார்ஜர், தோள்பை இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, நிறுத்திய தேதி போட்ட ரசீதை அப்போதே வாங்குங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அதையும்.